மாண்டவியில் ஒரு மேஜை... மடியில் ஒரு மேஜை!

கோவா டூருக்கு பிளான் போடற எந்த காலேஜ் செட்டைக் கேட்டாலும் லிஸ்ட் ஒண்ணுதான். பாகா பீச், வாடகை ஸ்கூட்டர், 'தில் சாஹ்தா ஹே' படத்துல வந்த சப்போரா கோட்டை. அந்த லிஸ்ட்ல பனாஜிக்குக் கிடைக்கிற மரியாதை, 'பஸ் மாறுற இடம்' என்பது மட்டும்தான். பாவம், அதுவும் ஒரு மாநிலத்தோட தலைநகரம்!

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பனாஜி ஆத்தங்கரை ரோட்டுல ஒரு நடை போய்ப் பாருங்க. கோவாவின் முதல் முதலமைச்சர் தயானந்த் பந்தோட்கர் பேர் வெச்ச ரோடு. ஒரு பக்கம் போர்ச்சுகீசியர் காலத்துக் கட்டடங்கள். இன்னொரு பக்கம் மாண்டவி ஆறு. ஆத்துக்குள்ளே மாடி மாடியா கப்பல்கள். கல்யாண மண்டபத்துக்கு சீரியல் செட் போட்ட மாதிரி ஊதா, ரோஸ், பச்சைன்னு லைட்டு எரியுது. தண்ணி முழுக்க அந்தக் கலர் நெளியுது. எல்லாம் நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல்கள்தான். எங்கேயும் போகாது. உள்ளே போறவங்கதான் எங்கேயோ போயிடறாங்க. காசினோ, பாஸ்!

அதே ஆத்தங்கரையில, பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்துல ஒரு சிலை இருக்கு. அங்கி போட்ட ஒரு பாதிரியார், கையை நீட்டி ஒரு பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்துற மாதிரி நிக்கிறார். முதல் தடவை பார்க்கிறவங்க கொஞ்சம் மிரண்டுதான் போவாங்க. அவர் அபே ஃபாரியா. 1756-ல் கோவாவில் பிறந்து, பாரிஸ் போய், ஹிப்னாடிசத்தை ஆராய்ந்தவர். அவர் சொன்ன முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? மயக்கம் வர்றது மயக்குறவனோட சக்தியால இல்லை. மயங்குறவனோட மனசுக்குள்ளேயே இருந்துதான் அது வருதுங்கிறார். காசினோவுக்குப் போற வழியில இப்படி ஒரு சிலை! யார் பிளான் பண்ணி வெச்சதோ!

இந்தக் கப்பலுக்கு நான் நாலு தடவை போயிருக்கேன். நாலு தடவையும் ஒரே ஒரு ஆட்டத்துக்காக. போக்கர். புனேயில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிச்சப்போ நிகழ்தகவு பாடத்துல பிடிச்ச கிறுக்கு அது. ஊர் கோயமுத்தூர். புனேயிலிருந்து ராத்திரி பஸ் ஏறினா காலையில பனாஜி. அந்த வருஷங்கள்ல மடியில் லேப்டாப்பை வெச்சுக்கிட்டு ஆன்லைன்லயும் இதே ஆட்டம் ஆடினேன். ரெண்டும் ஒரே சீட்டு, ஒரே விதி. ஆனா ரெண்டும் ஒரே இடம் கிடையாது. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தப் பயணக் கதை.

அஞ்சு நிமிஷக் கப்பல் பயணம்

காசினோ ஏன் ஆத்துல மிதக்குது? எல்லாம் சட்டத்தோட வேலை. கோவாவின் சூதாட்டத் தடைச் சட்டம் 1976-ல் வந்தது. 1992-ல் அதைத் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்கள்ல மெஷின் ஆட்டங்களுக்கு அனுமதி கொடுத்தாங்க. 1996-ல் இன்னொரு திருத்தம்... கப்பல்ல வெச்சு ஆடினா மேஜை ஆட்டத்துக்கும் ஓகே! அதனாலதான் மனுஷன் சீட்டு போடுற ஆட்டத்துக்குத் தண்ணியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கு. 'எங்க ஆத்தை விட்டு இதையெல்லாம் எடுங்க'ன்னு பனாஜி மக்கள் பல வருஷமா குரல் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. 2020 பிப்ரவரி 1 முதல், கோவாக்காரங்க உள்ளே போய் ஆடக் கூடாதுன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. ஊர் ஆத்துல மிதக்கிற கப்பலுக்குள்ளே ஊர்க்காரனுக்கு இடமில்லை!

படகுத் துறையில முதல்ல அடையாள அட்டையைக் கேட்பாங்க. 21 வயசு ஆகலைன்னா அங்கிருந்தே 'டாட்டா'தான். அரை டிராயர், ரப்பர் செருப்பு போட்ட பையன்களையும் திருப்பி அனுப்பிடுவாங்க. பீச்சுல இருந்து நேரா வந்து, நண்பனோட பேன்ட்டைக் கடன் வாங்கி மாட்டிக்கிட்டு ஓடி வந்த ஒரு கோஷ்டியை ஒரு தடவை பார்த்தேன். பேன்ட் கொடுத்தவர் மட்டும் கரையில நின்னார். தியாகி!

நுழைவுக் கட்டணத்துலயே சாப்பாடும் குடிக்கிற ஐட்டங்களும் அடக்கம். வார நாள்ல ஒரு ரேட், சனிக்கிழமைன்னா எகிறிடும். பணம் கட்டி, கையில பட்டை கட்டிக்கிட்டு, சின்னப் படகுல ஏறினா அஞ்சு நிமிஷத்துல பெரிய கப்பல். அந்த அஞ்சு நிமிஷம் ரொம்ப முக்கியம். காத்து முகத்துல அடிக்கும். எதிர்க்கரையில ரெய்ஸ் மாகோஸ் கோட்டை மங்கலா தெரியும். 'இன்னிக்கு எவ்வளவு? எத்தனை மணிக்குக் கிளம்பறது?'ன்னு மனசு தானா ஒரு கணக்குப் போடும். நான் எப்பவும் அந்தப் படகுல வெச்சுத்தான் என் கணக்கை நோட்டுல எழுதுவேன்.

பந்தியில் உட்கார்ந்த ஒன்பது பேர்

உள்ளே கீழ்த் தளத்துல ரூலெட் சக்கரம், பக்காரா, மூணு சீட்டு. எங்கே பார்த்தாலும் கூச்சல், கைத்தட்டல், நடுவுல சினிமாப் பாட்டுக்கு டான்ஸ். அங்கே எல்லாம் கம்பெனியை எதிர்த்து ஆடறோம். ரூலெட்ல ஒரே ஒரு பூஜ்யம் இருக்கிற சக்கரம்னா மொத்தம் 37 கட்டம். நீங்க சரியாச் சொன்னா 35 மடங்கு தருவாங்க. அந்தச் சின்ன இடைவெளிதான் 100 ரூபாய்க்கு 2 ரூபாய் 70 காசா கம்பெனிக்குப் போகுது. எவ்வளவு மூளை இருந்தாலும் அதை மாத்த முடியாது.

போக்கர் ரூம் இந்த இரைச்சலுக்குத் தள்ளி இருக்கும். நூலகத்துக்கும் டீக்கடைக்கும் நடுவுல இருக்கிற ஒரு சத்தம். இங்கே கம்பெனி ஆடறதில்லை. நாமளே நமக்குள்ள ஆடிக்கணும்.

ரம்மி தெரிஞ்சவங்களுக்காக சுருக்கமா சொல்றேன். இங்கே ஆடறது 'டெக்சாஸ் ஹோல்டம்'. ஆளுக்கு ரெண்டே சீட்டு, கவிழ்த்து வைக்கணும். மேஜை நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொது. முதல்ல மூணு விரியும். அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. ஏழு சீட்டுல இருந்து நல்ல அஞ்சு சீட்டு யாருக்கோ, அவருக்கு நடுவுல குவிஞ்ச பணம். ஒவ்வொரு சீட்டு விரியும்போதும் பணம் கட்டலாம், ஏத்தலாம், இல்லை 'எனக்கு வேணாம்'னு சீட்டைப் போட்டுட்டு டீ குடிக்கலாம். நல்ல ஆட்டக்காரன் பாதி ராத்திரி டீதான் குடிச்சுக்கிட்டிருப்பான். மொத்தம் 1,326 விதமான ரெண்டு சீட்டு ஜோடி வரலாம். ஏஸ் ஜோடி வர்றது 221-க்கு ஒரு தடவை. மணிக்கு முப்பது ஆட்டம் போடுற மேஜையில, அந்த ராஜமரியாதைக்கு சராசரியா ஏழு மணி நேரத்துக்கு மேல காத்திருக்கணும்.

அந்தக் கடைசிச் சீட்டுக்குப் பேர் என்ன தெரியுமா? 'ரிவர்'. ஆறு! 19-ம் நூற்றாண்டுல மிசிசிபி ஆத்து நீராவிக் கப்பல்கள்லதான் போக்கர் அமெரிக்கா முழுக்கப் பரவுச்சு. அந்த ஞாபகமா வெச்ச பேர்னு ஒரு கதை உண்டு. மூணு ஏழு, ரெண்டு ராணின்னு ஃபுல் ஹவுஸ் விழுந்தா அதுக்குச் செல்லப் பேர் 'போட்'. ஆத்துல மிதக்கிற கப்பல்ல உட்கார்ந்து, ரிவர்ல போட் கிடைக்குமான்னு ஒன்பது பேர் காத்திருக்கோம். இதைச் சொல்லிச் சிரிச்சா, மேஜையில யாருமே சிரிக்கலை. பணம் போட்டிருக்காங்கல்ல!

என் மேஜையில குறைஞ்ச பந்தயம் 50, 100. உட்காரக் குறைஞ்சது 10,000 ரூபாய் சிப்ஸ். எனக்கு இடது பக்கம் சூரத்திலிருந்து வந்த ஜவுளி வியாபாரி அண்ணன். எதிர்ல ஹெட்போன் மாட்டின பெங்களூரு சாப்ட்வேர் தம்பி. மூலையில, தங்கச்சி நிச்சயதார்த்தம் முடிஞ்ச கையோட வந்த ஹைதராபாத் மாப்பிள்ளைத் தோழர்கள் ரெண்டு பேர். டீலர் மணிப்பூர்ப் பையன். சீட்டு அவர் விரல்ல இருந்து வழுக்கிட்டுப் போற அழகுக்கே டிக்கெட் போடலாம். ஷிஃப்ட் முடிஞ்சு எழுந்திருக்கும்போது ரெண்டு உள்ளங்கையையும் தட்டி, திருப்பி, விரிச்சுக் காட்டிட்டுப் போவார். கும்பிடு போடறார்னு நினைச்சு ஹைதராபாத் தோழர் ஒருத்தர் பதிலுக்குக் கும்பிட்டார். அது மேலே இருக்கிற கேமராவுக்காம். 'என் கையில ஒரு சிப்ஸ்கூட இல்லை'ன்னு காட்டறார்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். எனக்கு ராஜா, ராணி, ரெண்டும் இஸ்பேடு. நடுவுல ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் நாலு. நான் கட்டினேன். சூரத் அண்ணன் மட்டும் கூட வந்தார். நாலாவது சீட்டு டைமன் ராணி. எனக்கு ரெண்டு ஜோடி ஆச்சு! மறுபடி கட்டினேன், மறுபடி வந்தார். நடுவுல 3,700 ரூபாய். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் ரெண்டு. அதுவரைக்கும் பேசிக்கிட்டே இருந்த அண்ணன் சட்டுனு மௌனமானார். 3,000 ரூபாய் சிப்ஸை முன்னால தள்ளினார். தள்ளின கை லேசா நடுங்குச்சு.

சினிமாவுல கை நடுங்கினா பொய் சொல்றான்னு அர்த்தம். மேஜையில அப்படியே தலைகீழ். 1984-ல் வந்த மைக் காரோவோட புத்தகம் இந்த உடல்மொழிக்குன்னே எழுதினது. திடீர்னு வர்ற கை நடுக்கம் பயம் இல்லை, நல்ல சீட்டு கிடைச்ச பதற்றம் வெளியே வழியறதுதான்னு அதுல இருக்கு. நான் என் ராஜா ராணியைக் கவிழ்த்துப் போட்டேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் ஏழு. அஞ்சும் ஆர்ட்டின்! "பையா, எப்படித் தெரிஞ்சுது?"ன்னு இந்தியில கேட்டார். "உங்க மோதிரம் ஆடிச்சு, பாய் சாப்"னேன். அதுக்கப்புறம் விடியற வரைக்கும் அவர் மோதிரத்தைக் கழட்டி சட்டைப் பையில போட்டுட்டுத்தான் ஆடினார்.

இன்னொரு ஆட்டம். இதுல நான் பார்வையாளர். சாப்ட்வேர் தம்பிக்கு ஏஸ் ஜோடி, அதே அண்ணனுக்கு ஒன்பது ஜோடி. ரெண்டு பேரும் மொத்தத்தையும் உள்ளே தள்ளிட்டாங்க. நாலு சீட்டு விரிஞ்சாச்சு. அண்ணனைக் காப்பாத்தக் கட்டுல மிச்சம் இருக்கிறது ரெண்டே ரெண்டு ஒன்பது. 44 சீட்டுல ரெண்டு. நூத்துக்கு நாலரை. விழுந்தது ஒன்பது! தம்பியோட 26,000 ரூபாய் காலி. மேஜையே உச்சுக் கொட்டுச்சு. ஜெயிச்ச அண்ணன் சிப்ஸை வாரவே இல்லை. எழுந்து போய்த் தம்பி தோள்ல கை வெச்சு, "சாரி பேட்டா, உன் ஆட்டம்தான் சரி"ன்னார். காபி வரவழைச்சார். தம்பி ஹெட்போனைக் கழட்டினான். கொஞ்ச நேரம் ஆத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம், "போதும்"னு சொல்லிட்டு அடுத்த படகுல கரைக்குப் போயிட்டான்.

கம்பெனி பங்கு

'நமக்குள்ள ஆடறோம்னா கம்பெனிக்கு என்ன லாபம்?'னு கேட்கணும்ல? ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல குவியற பணத்துல ஒரு சதவிகிதம் எடுத்துக்குவாங்க. பேர் 'ரேக்'. சின்னதாத்தான் தெரியும். ஒரு கணக்குப் போடுவோம். ஒன்பது பேர், ஆளுக்கு 10,000. மேஜையில மொத்தம் 90,000. மணிக்கு 30 ஆட்டம், ஆட்டத்துக்கு சராசரியா 2,000 ரூபாய் குவியுது, அதுல 5 சதவிகிதம் பிடிப்புன்னு வெச்சுக்குங்க. ஆட்டத்துக்கு 100 ரூபாய். மணிக்கு 3,000. எட்டு மணி நேரத்துல 24,000! விடியும்போது ஒன்பது பேர் பாக்கெட்டையும் கூட்டினா 66,000தான் இருக்கும். யாரும் யாரையும் ஏமாத்தலை, ஆனா கால்வாசிக்கு மேல காணோம்.

போக்கர்ல திறமை உண்டு, சத்தியமா உண்டு. ஆனா பக்கத்துல இருக்கிறவனை விடக் கொஞ்சம் நல்லா ஆடினா பத்தாது. அந்த 24,000-ல நம்ம பங்கையும் சேர்த்து ஜெயிக்கிற அளவுக்கு நல்லா ஆடணும். இதுக்கு மேல வரி வேற. 2023 அக்டோபர் 1 முதல் காசினோவுக்கும் ஆன்லைன் பண ஆட்டத்துக்கும் 28 சதவிகித ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 ஆச்சு.

விடியக்காலை அஞ்சரைக்குக் கரை ஏறினா பனாஜி வேற ஊரா இருக்கும். லைட் எல்லாம் வெளிறிப் போய், கப்பல் சும்மா தகர டப்பா மாதிரி நிக்கும். ஃபோன்டைன்யாஸ் தெருவுல மஞ்சள், நீல வீடுகளுக்கு நடுவுல 'பாம்... பாம்...'னு ஹார்ன் அடிச்சுக்கிட்டு சைக்கிள்ல ரொட்டிக்காரர் வருவார். இங்கே அவரை 'பொதேர்'னு கூப்பிடறாங்க. சுடச்சுட 'போய்' ரொட்டி. உள்ளே பொக்கையா, மேலே தவிடு தூவி இருக்கும். ராத்திரி 3,000 ரூபாயை யோசிக்காம தள்ளின கை, அந்த ரொட்டிக்குச் சில்லறை எண்ணும்போதுதான் பணம்னா பணம்னு மறுபடி உணரும்.

மடிக்கு வந்த மேஜை

இப்போ அதே ஆட்டம் நெட்டுக்கு எப்படி வந்ததுன்னு பார்ப்போம். 2003-ல் அமெரிக்காவோட டென்னசியைச் சேர்ந்த ஒரு கணக்காளர், போக்கர் ஸ்டார்ஸ் தளத்துல 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டி ஆடினார். ஜெயிச்சார். லாஸ் வேகாஸ்ல நடந்த உலகப் போட்டிக்கு டிக்கெட் கிடைச்சுது. 839 பேர் ஆடின போட்டி. அதையும் ஜெயிச்சு 25 லட்சம் டாலரை வாரிக்கிட்டுப் போனார். அவர் பேர் கிறிஸ் மணிமேக்கர். சத்தியமா, அது அவரோட நிஜப் பேருதான்! 'நம்ம ஆளே ஜெயிக்கிறான்டா'ன்னு உலகமே லாக்-இன் பண்ணுச்சு. அடுத்த வருஷம் அதே போட்டிக்கு 2,576 பேர். 2006-ல் 8,773 பேர்!

அந்த அலை கொஞ்சம் தாமதமா நம்ம ஹாஸ்டல்களுக்கும் வந்துச்சு. நான் முதல்ல ஆடினது காசே கட்டாத இலவசப் போட்டிகள். அப்புறம் 5, 10 ரூபாய் மேஜை. கப்பல் மேஜையில பத்துல ஒரு பங்கு. மேலோட்டமா பார்த்தா பாதுகாப்பு அதிகம்தானே?

இங்கேதான் வேகம் உள்ளே வருது. கப்பல்ல டீலர் கலைக்கணும், போடணும், சிப்ஸ் எண்ணணும். அதனால மணிக்கு 30 ஆட்டம். ஆன்லைன்ல ஒரு மேஜையில மணிக்கு 70. ரெண்டு மேஜையைப் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சா 140. பனாஜியில ஒன்பது மணி நேரம் ஆடின மொத்த ஆட்டமும் மடியில ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும். ஏழு மணி நேரக் காத்திருப்புக்கு வர்ற ஏஸ் ஜோடி, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வரும். நூத்துக்கு நாலரை வாய்ப்புள்ள அந்த ஒன்பது ஜோடிச் சம்பவமும் அதே வேகத்துல வரும். ஆனா தோள்ல கை வைக்க யாரும் இல்லை. காபி இல்லை. எதிராளி ஒரு கார்ட்டூன் முகம். கை நடுங்கினா தெரியாது. கடிகாரம் மட்டும் பத்து, ஒன்பது, எட்டுன்னு குறையும்.

எதிர்ல இருக்கிறது மனுஷன்தானாங்கறதே ஒரு கேள்வி. 2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கின 'ப்ளூரிபஸ்'ங்கற புரோகிராம், ஆறு பேர் ஆடற ஹோல்டம் மேஜையில தொழில்முறை ஆட்டக்காரர்களையே தோற்கடிச்சுது. அதுக்கும் முன்னாடி, 2007-ல் அப்சொல்யூட் போக்கர்ங்கற தளத்துல, அடுத்தவன் சீட்டைப் பார்க்க வசதி உள்ள ஒரு கணக்கு இருந்தது அம்பலமாச்சு. கண்டுபிடிச்சது போலீஸ் இல்லை. தோத்துப் போன ஆட்டக்காரங்களே உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் அலசிக் கண்டுபிடிச்சாங்க.

ரெண்டு அடி தூரம்

என் ரூம்மேட்டைப் பத்திச் சொல்லணும். பேர் வேணாம். வகுப்புல முதல் அஞ்சு ரேங்க்குக்குள்ள வர்றவன். ஆட்டத்துல என்னைவிடப் பொறுமைசாலி. ஒரு நவம்பர்ல மூணே ராத்திரி. செமஸ்டர் ஃபீஸுக்கு வீட்டுல இருந்து வந்த 42,000 ரூபாய் போயிடுச்சு. பெரிய பந்தயம் எதுவும் இல்லை. 500, 1,000, மறுபடி 1,000. ஒவ்வொரு தடவையும் ஒரு ஓ.டி.பி., ஒரு 'டிங்'. அவ்வளவுதான். விஷயம் வெளியே வந்தது நாலாவது நாள், ஃபீஸ் கட்ட கடைசித் தேதி அன்னிக்கு. அண்ணன் வாங்கிக் கொடுத்த பைக்கை வித்துக் கட்டினான். ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட 'பைக் ரிப்பேர்'னு சொல்லியிருக்கான். அம்மா, 'பத்திரமா ஓட்டுடா கண்ணு'ன்னாங்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான்.

அந்த மூணு ராத்திரியும் நான் ரெண்டு அடி தள்ளி அடுத்த கட்டில்ல தூங்கிக்கிட்டிருந்தேன். போர்வைக்குள்ள ஒரு போன் வெளிச்சம். யாருக்குத் தெரியும்?

கப்பல்ல 26,000 போன தம்பியை ஒன்பது பேர் பார்த்தோம். எழுந்து போக அவனுக்கு ஒரு படகு இருந்துச்சு. திரும்ப ஆடணும்னு தோணினாலும் டிக்கெட், அடையாள அட்டை, படகுன்னு மூணு தடவை யோசிக்க வேண்டியிருக்கும். மாண்டவிக்குக் கரை இருக்கு. ரூம்மேட் ஆடின ஆத்துக்கு அது இல்லை. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டான்னு கோர்ட்டுல வருஷக்கணக்கா வாதம் நடந்துச்சு. என் அனுபவத்துல அதைவிடப் பெரிய கேள்வி, ஆட்டத்துக்கும் நமக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குங்கறதுதான்.

என் நோட்டுல இருக்கற கணக்கையும் சொல்லிடறேன். ஆன்லைன்ல 11 மாசம், 18,400 ஆட்டம். நிகர நஷ்டம் 6,300 ரூபாய். கப்பல்ல நாலு ராத்திரி, சுமார் 1,100 ஆட்டம். லாபம் 4,200. பஸ் டிக்கெட்டையும் நுழைவுக் கட்டணத்தையும் கழிச்சா அதுவும் நஷ்டம்தான். புள்ளியியல் மாணவனா இதைவிட சுவாரஸ்யமான விஷயம் ஒண்ணு உண்டு. போக்கர்ல ஏற்ற இறக்கம் ரொம்பப் பெரிசு. அதனால 18,400 ஆட்டம் ஆடியும், நான் நல்ல ஆட்டக்காரனா இல்லையான்னு இந்தக் கணக்கை வெச்சு உறுதியா சொல்லவே முடியாது. 'ஒரு வாரமா ஜெயிக்கிறேன் மச்சான், எனக்கு வந்துடுச்சு'ன்னு யாராவது சொன்னா, அவருக்கு வந்தது திறமையா, வெறும் ஒரு வாரமான்னு அவருக்கே தெரியாது.

சட்டம் கட்டின கரை

நம்ம ஊர் இந்தக் கரையைக் கட்டப் பட்ட பாடு தனிக்கதை. தமிழ்நாட்டுல 2020 நவம்பர்ல அவசரச் சட்டம் மூலமா முதல் தடை. 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சுது. ஆன்லைன் ரம்மியில பணம் இழந்து உயிரை விட்டவங்க பத்தின செய்திகள் தொடர்ந்து வர, 2022 ஜூன்ல நீதிபதி கே.சந்துரு தலைமையில குழு. அந்த வழியில வந்த சட்டத்துக்கு 2023 ஏப்ரல்ல ஆளுநர் கையெழுத்து. அதே வருஷம் நவம்பர் 9-ம் தேதி உயர் நீதிமன்றம், 'ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றுக்குத் தடை செல்லாது. ஆனா அரசு ஒழுங்குபடுத்தலாம்'னு தீர்ப்பு சொல்லுச்சு. 2025 பிப்ரவரியில புது விதிகள் வந்துச்சு. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரைக்கும் ஆட்டமே கூடாது. ஜூன்ல உயர் நீதிமன்றமும் அதை ஏத்துக்குச்சு. அந்த அஞ்சு மணி நேர விதியைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது போர்வைக்குள்ள தெரிஞ்ச அந்த போன் வெளிச்சம்தான்.

2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி தாண்டிடுச்சு. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடற எந்த ஆன்லைன் ஆட்டமும் கூடாதுன்னு நாடு முழுக்கச் சட்டம். ஆகஸ்ட் 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சதும், பெரிய இந்தியத் தளங்கள் பண மேஜைகளை மூடிடுச்சு. அதை எதிர்த்து சில கம்பெனிகள் கோர்ட்டுக்கும் போச்சு. 'வெளிநாட்டுத் தளத்துல ஆடலாம் வா'ன்னு டெலிகிராம்ல வலை வீசறவங்களும் கிளம்பியிருக்காங்க. அங்கே பணம் சிக்கினா கேட்கிறதுக்கு ஆளே கிடையாது.

கிளம்பறவங்களுக்கு...

சென்னையிலிருந்து வாராந்திர வாஸ்கோ ரயில் இருக்கு. ஹூப்ளி தாண்டினதும் ஜன்னலோரம் பிடிச்சுக்கங்க. வழியில தூத்சாகர் அருவி வரும். மட்காவ்ல இறங்கினா கதம்பா பஸ்ல ஒரு மணி நேரத்துல பனாஜி. கப்பலுக்குள்ளே போயே ஆகணும்னு இல்லை. பனாஜியிலிருந்து எதிர்க்கரையில இருக்கிற பெட்டிமுக்கு அரசாங்கப் படகு ஓடுது. நடந்து போறவங்களுக்கு டிக்கெட் கிடையாது. ராத்திரி அதுல நின்னுக்கிட்டே அத்தனை காசினோ வெளிச்சத்தையும் ஓசியில பார்க்கலாம்! பகல்ல போனா பெட்டிமுக்குப் பக்கத்துல ரெய்ஸ் மாகோஸ் கோட்டை. 1551-ல் போர்ச்சுகீசியர் கட்டினது. புதுப்பிச்சு 2012-ல் திறந்தாங்க. உள்ளே கார்ட்டூனிஸ்ட் மரியோ மிராண்டாவோட படங்கள் மாட்டியிருக்கு. கோவா மனுஷங்களை அவரை மாதிரி யாரும் வரைஞ்சதில்லை.

போக்கர் மேலதான் ஆசையா? தப்பே இல்லை. அது அருமையான மூளை ஆட்டம். எம்.ஐ.டி. 2015 ஜனவரியில மாணவர்களுக்கு போக்கர் கோட்பாடு பத்தி ஒரு வகுப்பே நடத்துச்சு. வீடியோ எல்லாம் நெட்டுல இலவசம். ஒரு சீட்டுக்கட்டு வாங்குங்க. சிப்ஸுக்குப் பாட்டிகிட்ட கேட்டு ஒரு படி புளியங்கொட்டை. ஆளுக்கு நூறு எண்ணிக் கொடுத்துட்டு, ஹாஸ்டல் வராந்தாவுல வட்டமா உட்காருங்க. எதிர்ல இருக்கிறவன் கை நடுங்குதான்னு பாருங்க. ரிவர்ல விழுந்த ஒன்பதுக்கு உச்சுக் கொட்டுங்க. பன்னெண்டு மணிக்கு வார்டன் வந்து விரட்டுவார். கொட்டையை எண்ணி டப்பாவுல போட்டுட்டுத் தூங்கப் போங்க!